பெட்டிக்குள் வளரும் ஆடுகளம்

ஆசிரியர் அவர்களுக்கு,

மெல்பேர்ண் மைதானத்தில் ஆண்டின் பாதி கால்பந்தாட்டம். அதனால் கிரிக்கெட் ஆடுகளத்தை, அதாவது நடுவில் பந்து வீசும் அந்த மண் பட்டையை, வெளியே இரும்புப் பெட்டிகளில் வளர்த்து, கோடையில் ஏற்றிவந்து இறக்குகிறார்கள். 1977இல் ஆஸ்திரேலிய ஊடக முதலாளி கெரி பக்கர் தனியாக நடத்திய போட்டிகளுக்காகத் தொடங்கிய வேலை இது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் 2017இல் ஆஸ்திரேலியாவும் இங்கிலாந்தும் மோதிய ஆஷஸ் தொடரில், மெல்பேர்ணில் ஐந்து நாட்களிலும் விழுந்தவை 24 விக்கெட்டுகள்தான்; நாற்பது வரை விழலாம். இங்கிலாந்தின் குக் ஆட்டமிழக்காமல் 244 ஓட்டங்கள். ஆடுகளம் மோசம் என்று சர்வதேச கிரிக்கெட் சபையே (ஐசிசி) சொல்லிவிட்டது.

எங்கள் பள்ளிக்காலத்தில் தும்புப் பாய் விரித்து, ஓரத்தில் ஆணி அறைந்து விளையாடினோம். காலையில் எழும்பிய பந்து மாலையிலும் அப்படியே எழும்பும். பள்ளிப் பிள்ளைகளுக்கு அது போதும். ஐந்து நாள் டெஸ்ட் ஆட்டத்துக்கு அப்படி மாறாத களம் சரிவராது. அங்கே மண் வெடிக்க வேண்டும், காலடித்தடத்தில் பந்து பிடித்துத் திரும்ப வேண்டும். 2010இல் காலியில் முரளி தன் 800ஆவது விக்கெட்டை எடுத்ததும் ஐந்தாம் நாளில்தானே!

பெட்டியை மட்டும் குறைசொல்லவும் முடியாது. அடிலெய்டிலும் அதே முறைதான். 2020இல் இந்தியா 36 ஓட்டங்களுக்குச் சுருண்டது அங்கேதான். புல்லை எவ்வளவு விடுகிறார்கள் என்பதும் கணக்கில் வரும்.

யாழ்ப்பாணத்தின் மண்டைதீவில் சர்வதேச கிரிக்கெட் மைதானத்துக்கு 2025இல் அடிக்கல் நாட்டினார்கள். கதிரை எத்தனை, விளக்கு எத்தனை என்பது இருக்கட்டும். நடுவில் போடப்போகும் களிமண் எங்கிருந்து வருகிறது? அதை யாராவது சொன்னால் நல்லது.

வாசகர் ஒருவர்,
நல்லூர்