ஆரோன் வந்தாயிற்று, ஊர் எப்போது வரும்?

கர்த்தருக்குள் அன்பான ஆயர் ஐயா, தாளாளர் ஐயா, சபைக் கமிட்டியின் அண்ணன்மாரே, அக்காமாரே,

ஸ்தோத்திரம்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்ததும் அறிவிப்பு வாசித்தீர்கள். பள்ளி ஆண்டு விழாவில் 'சிறந்த ஆசிரியர்' என்று எனக்குக் கேடயமும் பொன்னாடையும் ஐயாயிரம் ரூபாயும் தரப்போவதாகச் சொன்னீர்கள். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் எழுந்து நின்று கும்பிட்டுவிட்டு உட்கார்ந்தேன். வீட்டுக்கு வந்து மூன்று நாள் யோசித்தபிறகு இந்த மடலை எழுதுகிறேன். அந்தக் கேடயம் எனக்கு வேண்டாம்.

தாளாளர் ஐயாவிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம். சொன்னால், "டீச்சருக்குத் தாழ்மை அதிகம்" என்று சிரித்துவிட்டு, மேடையில் அதையும் சேர்த்துப் புகழ்வார். ஆகவேதான் எல்லாரும் படிக்கும்படி எழுதுகிறேன். இது தாழ்மை இல்லை. கணக்குத் தப்பு, அவ்வளவுதான்.

எங்கள் பள்ளியைப் பற்றி உங்களுக்கே சொல்வது வேடிக்கைதான், ஆனாலும் சொல்கிறேன். குடியாத்தம் போகும் வழியில் ஓடு வேய்ந்த இரண்டு அறை, ஒரு வேப்பமரம், நாற்பத்து மூன்று பிள்ளைகள். அவர்களில் கிறிஸ்தவ வீட்டுப் பிள்ளைகள் பதினொரு பேர். மற்றவர்கள் பீடி சுற்றும் வீடுகளிலிருந்தும், கைலி நெய்யும் வீடுகளிலிருந்தும், பேரணாம்பட்டுப் பக்கம் தோல் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவர்களின் வீடுகளிலிருந்தும் வருகிறார்கள். காலை ஜெபத்தில் எல்லாரும் கண்ணை மூடிக்கொள்கிறார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் மட்டும் ஒரு கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு யார் கண் திறந்திருக்கிறது என்று பார்ப்பார்கள்.

2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர்கள். எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறோம், பெரிய டீச்சரும் நானும். சட்டம் பிள்ளைகளை எண்ணுகிறது, வகுப்புகளை எண்ணுவதில்லை. வகுப்பு ஐந்து. 2022-இல் அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தபின் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து உட்காரவைக்கிறோம். ஒரே அறையில் அரும்பு அழும், மொட்டு சண்டை போடும், மலர் "டீச்சர், முடித்துவிட்டேன், அடுத்து என்ன?" என்று மேசையைத் தட்டும். பெரிய டீச்சர் பயிற்சிக்கோ தேர்தல் வேலைக்கோ போகும் நாளில் ஐந்து வகுப்புக்கும் நான் ஒருத்தி. மறுநாள் நான் போனால் அவர் ஒருவர்.

இப்போது கேடயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் நன்னெறி வகுப்பில், வேதாகமத்தில் இஸ்ரவேலருக்கு அமலேக்கியரோடு நடந்த யுத்தத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். மோசே கையை உயர்த்தியிருக்கும்வரை இஸ்ரவேலர் ஜெயிப்பார்கள், கை தாழ்ந்தால் தோற்பார்கள். கை அசந்துபோகிறது. ஒரு கல்லைக் கொண்டுவந்து போட்டு அவரை உட்காரவைக்கிறார்கள். பிறகு, "ஒரு பக்கம் ஆரோனும் மறுபக்கம் ஊரும் கையைத் தாங்கினார்கள்" என்றேன். நம் பழைய மொழிபெயர்ப்பில் அந்த மனிதனின் பெயர் ஊர் என்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்புச் சிறுவனுக்குத் தெரியாது. கையைத் தூக்கி, "டீச்சர், ஊரே வந்து தாங்கியதா?" என்று கேட்டான்.

நான் சிரித்துக்கொண்டே திருத்தினேன். "ஊர் என்பது ஒரு ஆளின் பெயரப்பா" என்றேன். அவன் முகம் வாடிவிட்டது. ஊர் முழுவதும் மலைமேல் ஏறி வந்து ஒரு கிழவனின் கையைத் தாங்குவதை அவன் மனத்தில் பார்த்துவிட்டான். அந்தப் படத்தை நான்தான் அழித்தேன். அன்றிலிருந்து, அவன் சொன்னதுதான் சரியோ என்று எனக்குள் ஒரு எண்ணம் ஓடிக்கொண்டிருக்கிறது.

இந்தப் பள்ளியில் என் கையைத் தாங்கியவர்கள் யார் என்று பாருங்கள். கொரோனாவுக்கு முன் இரண்டாவது பணியிடம் காலியாக இருந்தபோது, ஆறு மாதம் முழங்கால் வலியோடு நின்றுகொண்டே நடத்தினேன். ஒருநாள் சத்துணவு ஆயா சமையலறையிலிருந்து முக்காலியைத் தூக்கிவந்து கரும்பலகைக்குப் பக்கத்தில் போட்டார். "உட்கார்ந்து சொன்னால் பாடம் ஏறாதா டீச்சர்?" என்று கேட்டுவிட்டு உலை கொதிப்பதைப் பார்க்கப் போய்விட்டார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. மோசேக்குப் போட்ட கல்லை அவர் கேள்விப்பட்டதும் இல்லை. அந்த வாரம் ராஜினாமாக் கடிதம் எழுதிப் பைக்குள் வைத்திருந்தேன். அந்தக் கடிதம் இன்னும் என் அலமாரியில் கிடக்கிறது.

வேலூர்க்காரர்களாகிய நமக்கு இது புதிய செய்தி இல்லை. 1954-இல் நடந்த விபத்தில் முதுகுத்தண்டு பாதிக்கப்பட்டு இடுப்புக்குக் கீழே செயலற்றுப்போன டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடி தொழுநோயாளிகளின் மடங்கிப்போன கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்தது இந்த ஊரில்தான். அவரால் முடியும் என்று ஊக்கப்படுத்தியவர் அங்கிருந்த அறுவை மருத்துவர் டாக்டர் பால் பிராண்டு. நாம் மேரி வர்கீஸின் மனவுறுதியைப் பற்றிப் பிரசங்கம் கேட்கிறோம். அவருடைய நாற்காலியைத் தள்ளியவர், மேசையை அவர் உயரத்துக்கு இறக்கிவைத்தவர், கருவியை எட்டும் இடத்தில் நீட்டியவர் யாரென்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியைத் தொடங்கிய ஐடா ஸ்கடர் அம்மையாரின் கதையும் அப்படித்தான். ஒற்றைக் கட்டிலோடு தொடங்கிய வைத்தியத்தையும், 1902-இல் வந்த 40 படுக்கை மருத்துவமனையையும், 1918-இல் பெண்களுக்காக ஆரம்பித்த மருத்துவப் பள்ளியையும் பிள்ளைகள் மனப்பாடமாகச் சொல்வார்கள். அவரோடு வந்து வேலூரில் வீடு வீடாகப் போய்ப் பெண்களைச் சந்தித்த தோழி ஆனி ஹான்காக் யாரென்று கேட்டால் பெரியவர்களே விழிக்கிறார்கள்.

தப்பு உங்கள் பக்கம் மட்டும் என்று சொல்லமாட்டேன். இரண்டே பேர் இருக்கும் பள்ளியில் சண்டை வந்தால் சமாதானம் செய்ய மூன்றாவது ஆள் கிடையாது. பெரிய டீச்சரும் நானும் ஒரு வருகைப் பதிவேட்டின் காரணமாகச் சில வாரம் பேசவில்லை. கேட்டால் சிரிப்பீர்கள். அடித்துத் திருத்தியது யார் என்பதுதான் வழக்கு. அவருடைய சாக்பீஸ் தேவைப்பட்டால் ஒரு பிள்ளையை அனுப்புவேன். அவருக்கு என்னிடம் ஏதாவது வேண்டுமென்றால் அதே பிள்ளை திரும்பி வரும். ஒரு சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்துகொண்டு, "ஒருவரையொருவர் நேசியுங்கள்" என்ற மனப்பாட வசனத்தை இருவரும் நடத்தினோம். பிள்ளைகளுக்கு எல்லாம் தெரியும். ஒன்றும் கேட்கமாட்டார்கள்.

அது 2021 நவம்பர். கொரோனாவுக்குப் பிறகு அந்த மாதம் ஒன்றாம் தேதிதான் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளி திறந்திருந்தது. திறந்த கையோடு மழை. பாலாற்றில் நம் வயதுக்குப் பார்த்திராத வெள்ளம். மோர்தானா அணை வழிந்து கவுண்டன்ய ஆறும் பெருகியது. எங்கள் பள்ளி ஆற்றோரம் இல்லை, ஆனால் ஓடு பழையது, வாசல் பள்ளம். பதிவேடுகள் நனைந்துவிடும் என்ற பயத்தில் விடியற்காலை குடையோடு ஓடினேன். எதிர்த்திசையிலிருந்து பெரிய டீச்சரும் ஓடிவந்தார். இருவரும் வாசலில் அப்படியே நின்றோம். உள்ளே ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள். மசூதித் தெருப் பையன்கள் நான்கு பேர் பெஞ்சுகளை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பீடிக்கார அம்மாக்கள் முறத்தாலும் குடத்தாலும் தண்ணீரை வெளியே இறைத்தார்கள். பூக்கட்டும் பாட்டி, தன் கடைத் தார்ப்பாயைக் கழற்றிக் கொண்டுவந்து பீரோவின்மேல் போர்த்தியிருந்தார். சாவி யார் கொடுத்தது என்று கேட்டேன். பூட்டை உடைத்துவிட்டார்களாம். "மன்னித்துவிடுங்கள் டீச்சர், புதுப் பூட்டு வாங்கித் தருகிறோம்" என்றான் ஒருவன்.

பெரிய டீச்சர் என் கையைப் பிடித்தார். அடித்துத் திருத்திய அந்தப் பதிவேடு அன்று நனையாமல் பிழைத்தது. யார் திருத்தினோம் என்று இன்றுவரை தீர்ப்பாகவில்லை.

அன்று சபையிலிருந்து யார் வந்தார்கள் என்று நான் கேட்கவில்லை. நீங்கள் ஜெபித்தீர்கள் என்று தெரியும். அடுத்த ஞாயிறு ஆயர் ஐயா பள்ளியின் பெயரைச் சொல்லி ஜெபித்தபோது என் கண் கலங்கியது, அது பொய்யில்லை. உங்கள் ஜெபம்தான் ஆரோன், அவர் தன் பக்கத்தைத் தாங்கிக்கொண்டுதான் இருக்கிறார். மறுபக்கம்தான் கேள்வி. வெள்ளத்தன்று மறுபக்கம் தாங்கிய ஊரில் நம் சபையார் எத்தனை பேர்?

கமிட்டியில் இருக்கும் பதினான்கு பேரில் யாருடைய பேரப்பிள்ளையும் இந்தப் பள்ளியில் படிக்கவில்லை. வேன் வைத்து அழைத்துப்போகும் ஆங்கிலவழிப் பள்ளிகளுக்குப் போகிறார்கள். அதில் எனக்குக் கோபம் இல்லை. என் மகனும் அப்படித்தான் படித்தான். சம்பளத்தை அரசு தருகிறது, கட்டடமும் கழிப்பறையும் தண்ணீரும் நிர்வாகத்தின் பொறுப்பு. அதையும் உங்களால் முடிந்த அளவுக்குச் செய்கிறீர்கள். ஆனால் உங்களில் பெரும்பாலோர் பள்ளிக்குள் வருவது ஆண்டு விழா மேடைக்கு மட்டும். பிள்ளைகளுக்கு உங்கள் முகம் தெரியாது, உங்கள் பேட்ஜ்தான் தெரியும்.

காணிக்கையாக வந்த விளைபொருளைச் சபையில் ஏலம் விடும் அறுப்பின் பண்டிகையில் போன வருடம் ஒரு கூடை இலவம்பாடி முள்ளுக் கத்தரிக்காய் நான்காயிரம் ரூபாய்க்குப் போனது. கத்தரிக்காயின் விலை அதுவல்ல என்று எடுத்தவருக்கும் தெரியும், கூவியவருக்கும் தெரியும். அந்தப் பிரியத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. பிரியத்தைக் காட்டுவதற்கு நமக்கு மேடையும் மைக்கும் கூவுகிற ஆளும் வேண்டியிருக்கிறது, அதுதான் என் ஆதங்கம். புதன்கிழமை பதினொரு மணிக்கு மேடை இருக்காது. மின்விசிறிகூட ஒன்றுதான் ஓடும்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் வேண்டும். மலர் நிலைப் பிள்ளைகள் வாசிப்பார்கள், பக்கத்தில் உட்கார்ந்து கேட்க ஒரு ஆள் போதும். பாடம் நடத்த வேண்டாம், திருத்தக்கூட வேண்டாம். போன வருடம் ஒரு பையன் 'ழ' வராமல் வாயையே திறக்காமல் இருந்தான். அவனை வாசிக்கவைத்தது நான் இல்லை. ஐந்தாம் வகுப்பில் ஒரு பெண், அம்மாவுக்குப் பீடி இலை நறுக்கிக் கொடுத்துவிட்டுப் பள்ளிக்கு வருகிறவள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வேப்பமரத்தடியில் அவனை உட்காரவைத்து, "நீ தப்பாகவே சொல், நான் கேட்கிறேன்" என்று ஒரு பருவம் முழுக்கக் கேட்டாள். இருபத்தேழு வருடம் வேலை பார்த்தும் அந்த வாக்கியம் எனக்குத் தோன்றவில்லை. இப்போது அவன் வாசிக்கிறான். 'வாழைப்பழம்' மட்டும் இன்னும் 'வாளைப்பளம்'தான், பரவாயில்லை.

விழாவில் யாரையாவது மேடைக்குக் கூப்பிட்டே ஆகவேண்டும் என்றால் அந்தப் பெண்ணைக் கூப்பிடுங்கள். ஆயாவைக் கூப்பிடுங்கள். 2024 ஜூலை முதல் நம்மைப் போன்ற கிராமத்து உதவிபெறும் பள்ளிகளுக்கும் காலைச் சிற்றுண்டி வந்திருக்கிறதே, இருட்டோடு எழுந்து வந்து உப்புமாவும் கிச்சடியும் சமைக்கும் சுயஉதவிக் குழு அம்மாவைக் கூப்பிடுங்கள். அவர் பிள்ளை இங்கேதான் மூன்றாம் வகுப்பில் இருக்கிறான். ஊரே வந்து தாங்கியதா என்று கேட்டவன் அவன்தான். பூட்டை உடைத்த பையன்களையும் கூப்பிடலாம், வெட்கப்பட்டுக்கொண்டு வரமாட்டார்கள்.

எனக்கென்று ஒதுக்கிய ஐயாயிரத்தில் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக் குழாயைச் சரிசெய்யுங்கள். தாழ்ப்பாளையும் மாற்றுங்கள், உள்ளே இருக்கும் பிள்ளைக்கு வெளியே இன்னொரு பிள்ளை காவல் நிற்க வேண்டியிருக்கிறது. பொன்னாடைக்குப் பதிலாக வாசலில் இரண்டு வண்டி மண் கொட்டுங்கள். ஐப்பசி வருகிறது.

பெரிய டீச்சரிடம் இந்த மடலைக் காட்டிவிட்டேன். பதிவேடு விஷயத்தை எடுத்துவிடச் சொன்னார். நான் எடுக்கவில்லை. அதனால் இன்று காலையிலிருந்து சாக்பீஸுக்கு மறுபடி பிள்ளையை அனுப்பிக்கொண்டிருக்கிறோம், ஆனால் இந்த முறை இருவரும் சிரித்துக்கொண்டு.

முதல் புதன் யார் வருகிறீர்கள் என்று ஆயர் அம்மாவிடம் பெயர் கொடுங்கள். பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார் இருவராகச் சேர்ந்து வந்தாலும் சரி. வரும்போது கண்ணாடியை மறக்காதீர்கள், பாடப்புத்தகத்தின் எழுத்து பெரிதுதான், பிள்ளைகள் தாங்களாக எழுதி வாசிப்பது எறும்பு மாதிரி இருக்கும். உட்கார முக்காலி இருக்கிறது. ஆயாவிடம் சொல்லிவைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் பள்ளியின் சின்ன டீச்சர்