சம்பந்தி வீட்டில் காபி கிடைக்காது

அன்புள்ள தேன்மொழி அக்கா,

போன வாரம் போனில் நீங்கள் கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது. "மார்மன்னா யாருடா? நாலஞ்சு கல்யாணம் பண்ணிக்கிறவங்கதானே?" ஏதோ சொல்லி மழுப்பிவிட்டேன். அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஒன்பது வருடம் அவர்களுக்கு நடுவிலேயே குடியிருப்பவன் அப்படிச் செய்திருக்கக் கூடாது. உங்கள் மகன் கதிரைப் போல இங்கே பெண் எடுக்கப்போகிற பிள்ளைகள் வேறு வீடுகளிலும் இருப்பார்கள் என்பதால், நீங்கள் சரி என்றதும் இதைப் பொதுவிலேயே எழுதுகிறேன். பெயர்களை மட்டும் மாற்றிவிட்டேன்.

அந்தக் கல்யாணப் பேச்சை முதலில் முடித்துவிடலாம். ஜோசப் ஸ்மித் 1830இல் நியூயார்க் மாநிலத்தில் இந்த மார்மன் சபையைத் தொடங்கினார். பலதார மணம் அவர் காலத்திலேயே உள்ளே வந்தது; 1890இல் சபை அதைக் கைவிடுவதாக அறிவித்தது. இன்று யாராவது இரண்டாவதாக ஒருத்தியைக் கட்டினால் சபையை விட்டே நீக்கிவிடுவார்கள். டிவியில் நீங்கள் பார்த்தது பிரிந்துபோன சின்னக் கூட்டங்களை. (நம் கொள்ளுத்தாத்தாவுக்கு எத்தனை தாரம் என்று அவர்கள் கேட்காமல் இருந்தால் நல்லது.)

'மார்மன்' என்ற சொல்லையும் அவர்கள் எதிரில் கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள். சபையின் முழுப்பெயர் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை. அப்படித்தான் சொல்ல வேண்டும் என்று 2018இல் அவர்களின் தலைவர் கேட்டுக்கொண்டார். பைபிளோடு 'மார்மன் புத்தகம்' என்று இன்னொரு வேதமும் வைத்திருப்பதால், இவர்கள் கிறிஸ்தவர்களே அல்ல என்று மற்ற சபைகள் பல சொல்லும். "கிறிஸ்தவர்கள் இல்லாமல் நாங்கள் வேறென்ன?" என்பார்கள் இவர்கள். அந்தச் சண்டைக்குள் நாம் போக வேண்டாம்.

நான் பார்த்தவரை, இவர்களுக்கு மதம் என்றால் பெரும்பாலும் வேலைதான். நாங்கள் இங்கே குடிவந்த அன்று நல்ல பனி. கதவைத் திறந்தால் ஆறு பேர் கையுறையோடு நிற்கிறார்கள். ஒரு மணி நேரத்தில் லாரி காலி. அதில் சோபாவின் ஒரு முனையைத் தூக்கியவர் பல் மருத்துவர், அந்த வட்டாரத்துக்கு அவர்தான் பிஷப் என்று பிறகுதான் தெரிந்தது. பிஷப்புக்குச் சம்பளம் கிடையாது. ஐந்து வருடம்போல இருந்துவிட்டு இறங்கிக்கொள்வார். அப்புறம் அவரையே சின்னப் பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கப் போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம்கூட முறைவைத்துத்தான். ஒரு வாரம் பன்னிரண்டு வயதுப் பையன், இன்னொரு வாரம் அவன் பாட்டி. வருமானத்தில் பத்தில் ஒரு பங்கு சபைக்கு. மாதத்தின் முதல் ஞாயிறு இரண்டு வேளை பட்டினி, அந்தச் சாப்பாட்டுக் காசு ஏழைகளுக்கு. உங்கள் சஷ்டி விரதத்தை அந்தப் பெண்ணுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

அந்தப் பெண் ஒன்றரை வருடம் ஊழியத்துக்கு, அதாவது ஊர் ஊராகச் சபையின் மதத்தைப் பரப்பும் வேலைக்கு, போய்வந்தவள் என்று கதிர் சொன்னான். பையன்களுக்கு இரண்டு வருடம். எங்கே போவது என்பதைச் சபை தீர்மானிக்கும், செலவு வீட்டாருடையது. பக்கத்து வீட்டுப் பையன் போனபோது, வருடத்துக்கு இரண்டு முறைதான் வீட்டுக்குப் போன் பேசலாம்: கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். அந்த அன்னையர் தினக் காலையில் அவன் அம்மா போனைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன். 2019இலிருந்து வாரம் ஒருமுறை பேசலாம் என்று மாற்றிவிட்டார்கள்.

இனி நீங்கள் நிஜமாகப் பயப்படும் விஷயம். கதிரை மாற்றிவிடுவார்களா? கேட்பார்கள் அக்கா. அன்பாகக் கேட்பார்கள், வேண்டாம் என்றால் சரி என்பார்கள், ஒரு வருடம் கழித்து மறுபடி கேட்பார்கள். என்னையும் கேட்டிருக்கிறார்கள். நான் இன்னும் நானாகத்தான் இருக்கிறேன்.

ஆனால் உங்களுக்குத் தெரியாத ஒன்று உண்டு. அந்தப் பெண்ணின் அம்மாவும் இப்போது தூங்காமல்தான் இருப்பார்.

அவர்களின் ஆலயமும் ஞாயிறு கூடும் கட்டடமும் வேறு வேறு. ஆலயத்துக்குள் போக பிஷப்பிடம் நேர்காணல் முடித்து வாங்கிய அட்டை வேண்டும். சபையில் சேராதவருக்கு உள்ளே இடமில்லை. அங்கே நடக்கும் திருமணத்தை 'முத்திரித்தல்' என்கிறார்கள். சாவு வரைக்கும் என்ற கெடுவே அதில் கிடையாது. செத்த பிறகும் புருஷன், பெண்டாட்டி, பிள்ளைகள் சேர்ந்தே இருப்பார்கள். பரலோகத்தின் மிக உயர்ந்த நிலைக்கு அந்த முத்திரை வேண்டும் என்பது போதனை. கதிர் சபைக்காரன் இல்லை. அதனால் இந்தக் கல்யாணம் ஆலயத்தில் நடக்க வழியே இல்லை. மகளுக்குச் சின்ன வயதிலிருந்து அந்த ஆலயத்தின் படத்தைக் காட்டி வளர்த்த தாய் அவர். நீங்கள் தாலி, ஓமம் என்று கவலைப்படுகிறீர்கள். அவரோ மகளின் மறுமையையே நினைத்து மருகிக்கொண்டிருப்பார்.

உங்களுக்கு இதில் ஒரு லாபமும் உண்டு. இங்கே மாப்பிள்ளையும் சேர்ந்து மதம் மாறி ஆலயத்தில் கட்டிக்கொண்டால், சபையில் சேராத அவன் தாய் வெளியே தோட்டத்தில் காத்திருக்க வேண்டியதுதான். நீங்கள் முன்வரிசையில் உட்காரலாம்.

இன்னொன்று. உங்கள் வீட்டு முன்னோர் பெயர்களை அவர்கள் ஆசையாகக் கேட்கலாம். வம்சாவளி தேடுவதில் இவர்களை மிஞ்ச ஆளில்லை. சால்ட் லேக் பக்கத்தில் மலையைக் குடைந்து உலகின் பல நாடுகளின் பிறப்பு இறப்புப் பதிவுகளைப் படச்சுருள்களில் வைத்திருக்கிறார்கள். செத்துப்போனவருக்காக உயிரோடிருப்பவர் ஒருவர் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் எடுப்பதும் உண்டு. ஏற்பதும் மறுப்பதும் அந்த ஆத்மாவின் இஷ்டம் என்பார்கள். மாமா ஆடி அமாவாசைக்கு மூன்று தலைமுறைப் பெயர் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைக்கிறாரே, அந்த ஏக்கம்தான் இதிலும் இருக்கிறது. ஆனாலும் நம் ஆட்களுக்கு அதைச் செய்ய வேண்டாம் என்று நினைத்தால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுங்கள். மறைத்துவைத்தால்தான் பின்னால் மனக்கசப்பு.

எல்லாம் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. கறுப்பின ஆண்களுக்கு ஆசாரியத்துவம், அதாவது சபைச் சடங்குகளை நடத்தும் குரு தகுதி, 1978 வரை மறுக்கப்பட்டது. பெண்களுக்கு இன்றும் இல்லை. நம்பிக்கை போய் வெளியேறுகிறவர்களின் பாடு ரொம்பக் கஷ்டம். என் அலுவலகத்தில் ஒருவர் அப்படி வெளியே வந்தார். யாரும் அவரைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. ஆனால் நண்பர்கள், பிள்ளைகளின் விளையாட்டுக் குழு, மாலைச் சாப்பாடு எல்லாமே அந்தச் சபை வழியாக வந்தவை. சோபா தூக்க ஆறு பேர் வரும் ஊரில் அவர் தனியாகத் தூக்கினார்.

கடைசியாகக் காபி. டீயும் காபியும் அவர்களுக்குக் கூடாது, 1833இல் அறிவுரையாக வந்து பிறகு கட்டளையானது. சாராயமும் புகையிலையும் அப்படித்தான், அது உங்களுக்குச் சந்தோஷமாக இருக்கும். கோலா குடிக்கலாம், அதில் தேங்காய் சிரப்பும் க்ரீமும் ஊற்றி வாளி அளவில் விற்கும் கடைகள் தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஆனால் அந்தப் பெண் டிகாஷன் பக்கமே வரமாட்டாள். தம்ளரை நீட்டி அவள் வேண்டாம் என்றால் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

சுக்குமல்லி காபி கொடுக்கலாம். பெயரில் மட்டும்தானே காபி! சில வீடுகளில் வாசனைக்குக் காபித்தூள் ஒரு சிட்டிகை போடுவார்கள், அதை மட்டும் விட்டுவிடுங்கள். சுக்கும் மல்லியும் இங்கே கிடைக்கும். வரும்போது இரண்டு கிலோ கருப்பட்டி எடுத்து வாருங்கள், எனக்கும் சேர்த்து.

உங்கள் தம்பி