தீவனக் கடைக்காரரும் ஃபோர்-எச் பிள்ளைகளும்

ஒஹாயோ

அன்புள்ள அண்ணனுக்கு,

இங்கு எல்லோரும் நலம். அண்ணியின் முழங்கால் வலி தேவலையா?

இங்குள்ள கிராமத்துப் பிள்ளைகள் மன்றத்துக்கு யார் பணம் தருகிறார்கள் என்று கேட்டிருந்தீர்கள். மன்றத்தின் பெயர் ஃபோர்-எச். 1902-ல் கிரஹாம் என்ற பள்ளிக் கண்காணிப்பாளர் இம்மாநிலத்து ஸ்பிரிங்ஃபீல்டில் தொடங்கிவைத்தது. இன்று மாநிலப் பல்கலைக்கழகத்தின் வேளாண் விரிவாக்கப் பிரிவு நடத்துகிறது. ஆனாலும் பிள்ளைகள் கையில் காசு சேர்வது உள்ளூர் வியாபாரிகளால்தான். எங்கள் ஊர்த் தீவனக் கடை முதலாளியைச் சொன்னால் விளங்கும்.

பிள்ளை ஏப்ரலில் 60 பவுண்டு எடையுள்ள பன்றிக்குட்டி வாங்குகிறது. ஜூலையில் கவுண்டி ஃபேர், அதாவது பிள்ளைகள் வளர்த்த விலங்குகளை ஏலம் விடும் மாவட்டக் கண்காட்சி, வருவதற்குள் 260 பவுண்டு ஆக்க வேண்டும். ஒரு பவுண்டு ஏற ஏறத்தாழ 3 பவுண்டு தீவனம், ஆக 600 பவுண்டு. செலவையெல்லாம் கணக்கு நோட்டில் எழுத வேண்டும். எடை வரம்புக்குள் வராத பன்றி ஏலத்துக்குப் போகாது. ஊசி போட்டிருந்தால், அந்த மருந்து உடம்பைவிட்டு நீங்கக் குறித்திருக்கும் விலக்கு நாட்கள் கழியாமல் வெட்டுக்கு அனுப்பக் கூடாது. எடை தவறிவிடக் கூடாதென்று தீவனக் கடை முதலாளி ஜூனிலேயே கடைத் தராசில் பன்றிகளை எடை போட்டு, தீவனத்தைக் கூட்டவோ குறைக்கவோ சொல்லிவிடுவார்.

ஏலத்தில் அவர் பவுண்டுக்கு 4 டாலர் விலை கேட்டார் என்று வையுங்கள்: 260 பவுண்டுக்கு 1,040 டாலர். பன்றியை அவர் வீட்டுக்கு ஓட்டிப்போவதில்லை, இறைச்சிக் கம்பெனிக்கே விட்டுவிடுகிறார். கம்பெனி தரும் விலை பவுண்டுக்கு 60 சென்ட் என்றால் 156 டாலர் கழிந்து, அவர் கைப்பணம் 884. பிள்ளைக்கு முழுத்தொகையும் போகும், ஏலக் கழிவு மட்டும் பிடிப்பார்கள்.

பரிசு வாங்கிய விலங்குகள் முதலில் வரும், விலையும் ஏறும். கடைசி வரிசை வருவதற்குள் வாங்குவோர் பணம் தீர்ந்து பாதிப்பேர் கிளம்பிவிடுவார்கள். கூச்சத்தால் முன்கூட்டிக் கடைக்காரர்களுக்கு அழைப்புக் கடிதம் எழுதாத பிள்ளைகளுக்கு அங்கேதான் அடி விழும். இவர் ஒதுக்கிய பணத்தில் பாதியைக் கடைசி வரிசைக்கென்றே வைத்திருப்பார். நல்ல விலை கிடைக்காமல் போனவர்களுக்கு 25, 50 டாலர் என்று மேல்தொகையும் எழுதிக்கொடுப்பார். கோப்பை வாங்கிய பன்றிக்கு விலை ஏற்றிவிட்டுப் படம் எடுத்துக்கொள்வதைவிட இதுதான் பெரிய உதவி என்பேன்.

நம் ஊர்ப் பிள்ளைகள் மன்றத்துக்கு மொத்தமாகப் பணம் கொடுக்காமல், நாற்றங்காலோ கோழியோ வைக்கும் பிள்ளையின் நோட்டைப் பார்த்து, விளைந்ததை நீங்களே நல்ல விலைக்கு வாங்கிப் பாருங்கள். நோட்டு அச்சடிக்கும் செலவை நான் அனுப்புகிறேன்.

அன்புத் தம்பி