தாத்தா அன்னிக்கு ராத்திரி சாகல

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

உங்க சினிமா பக்கத்துல 2017ல வந்த 'ஆல் தி மணி இன் தி வேர்ல்ட்' படத்தைப் பத்தி படிச்சேன். கிறிஸ்டோபர் பிளம்மரைப் பாராட்டுனது கரெக்ட்தான், கெவின் ஸ்பேசி நடிச்ச சீனையெல்லாம் தூக்கிட்டு கடைசி நேரத்துல இவரை வச்சு திரும்ப எடுத்தாங்கன்னு யாராவது சொன்னாதான் தெரியும். ஆனா அவரு நடிச்ச நிஜ மனுசன், அமெரிக்க எண்ணெய் கோடீஸ்வரர் பால் கெட்டியை வெறும் கஞ்சன்னு எழுதி முடிச்சிட்டீங்களே சார்.

ஹோட்டல் ரூம்ல தன் துணியைத் தானே அலசி காயப்போடுறாரே, அது எங்க பழைய வண்ணாரப்பேட்டையில சிக்கனம், அதுக்கெல்லாம் நான் சிரிக்க மாட்டேன். பேரனைக் கடத்தி காதை அறுத்து பேப்பர் ஆபீசுக்கு அனுப்பிட்டாங்க, நிஜத்துல அப்பவும் இவரு மீட்புப் பணத்துல வரியில கழிச்சுக்க முடிஞ்ச 22 லட்சம் டாலர்தான் குடுத்தாரு, மிச்சத்தை பெத்த புள்ளைக்கே 4 பர்சென்ட் வட்டிக்கு கடனா விட்டாரு. எங்க ஏரியா தண்டல்காரர் கையில 9000 குடுத்து 100 நாள்ல 10000 வசூல் பண்ணுவாரு, அவருகூட சொந்த வீட்டுக்குள்ள கடன் நோட்டு போட மாட்டாரு.

போடுறவங்களும் இருக்காங்க, இல்லன்னு சொல்லல. எங்க தெருவுல ஒரு பெரியவரு மாடியில இருந்த மகனுக்கே சப்-மீட்டர் வச்சு யூனிட்டுக்கு எட்டு ரூபா வாங்குனாரு, மருமக கிரைண்டர் போட்டா கீழ இருந்து மீட்டரைப் பாப்பாரு. அவங்க மாதவரம் பக்கம் போயிட்டாங்க, இவரு கடைசி மாச கரண்ட் காசு வரலன்னு போறவங்க வர்றவங்ககிட்ட எல்லாம் சொல்லிட்டிருந்தாரு, பேரப்புள்ளைங்க பேச்சே எடுக்கல.

படம் சறுக்குறது கடைசியிலதான். பையன் தப்பிக்கிற ராத்திரியே தாத்தா தனியா செத்துடுறாரு, நமக்கும் 'நல்லா வேணும்'னு ஆறிடுது. நிஜத்துல பேரன் வெளிய வந்தது 1973 டிசம்பர், தாத்தா செத்தது 1976. வெளிய வந்த பையன் தேங்க்ஸ் சொல்ல போன் போட்டான், தாத்தா லைனுக்கே வரலயாம். வீட்டுக்கு வர்ற கெஸ்ட்டுக்கு காசு போட்டு பேசுற போன் வச்ச மனுசன், இந்த கால்ல அவருக்கு பத்து பைசா செலவில்ல, அப்பவும் வரல. அப்போ இது காசு விஷயம் மட்டுமா? டைரக்டர் ரிட்லி ஸ்காட் அந்த போன் சீனை எடுத்திருக்கணும், நீங்களாவது ஒரு வரி போட்டிருக்கலாம்.

இதே கதைய 2018ல 'ட்ரஸ்ட்'னு சீரிஸா எடுத்தாங்க, டொனால்ட் சதர்லேண்ட் தாத்தாவா வர்றாரு. அதைப் பத்தியும் எழுதுங்க, ஆனா கஞ்சன் காமெடின்னு ஹெட்டிங் வச்சிடாதீங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி, பழைய வண்ணாரப்பேட்டை