புது எஸ்யூவி புக் செய்யும் முன் ஒரு வார்த்தை

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு, வணக்கம்.

கார்த்திகை முடியப்போகிறது. தை பிறந்ததும் அப்பா, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் ஏறுகிற மாதிரி ஒரு எஸ்யூவி எடுக்கலாம் என்று உங்களில் சிலர் சர்வீஸுக்கு வரும்போது சொல்கிறீர்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆனால் பெரும்பாலும் அட்வான்ஸ் கட்டிய பிறகுதான் கொட்டேஷன் எங்கள் கண்ணில் படுகிறது. அதற்குப் பிறகு நாங்கள் என்ன சொல்லியும் பயனில்லை. அதனால்தான் இந்த மடல்.

பேரம் பேச மார்கழி நல்ல மாதம். நம் ஊரில் பலர் அப்போது வண்டி எடுக்கத் தயங்குவார்கள். ஷோரூமுக்கோ வருடக் கடைசி, இருக்கிற ஸ்டாக்கைத் தள்ளியாக வேண்டும். பேச்சை மார்கழியிலேயே முடித்து, விலையை எழுத்தில் வாங்கிக்கொண்டு, டெலிவரியைத் தை முதல் வாரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று கவனம்: தையில் பதிவு செய்தாலும், வண்டி தயாரான மாதமும் வருடமும் ஆர்.சி.யில் (பதிவுச் சான்றிதழில்) இருக்கும். போன வருடத் தயாரிப்பு என்றால், பின்னால் விற்கும்போது ஒரு வயது கூடுதலாகத்தான் கணக்கிடுவார்கள். அதற்கு ஈடான தள்ளுபடியை இப்போதே கேட்டு வாங்குங்கள்.

பேச வேண்டியது ஆன்ரோடு விலையை, அதாவது வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து நீங்கள் கட்டும் மொத்த விலையை. ஈரோட்டில் ஒன்று, கோவையில் ஒன்று, சேலத்தில் ஒன்று என ஒரே வேரியண்டுக்கு (அதே மாடல், அதே வசதிகள்) மூன்று கொட்டேஷன் வாங்கி, ஒவ்வொரு தொகையாக ஒப்பிட்டுப் பாருங்கள். ஜி.எஸ்.டி., சாலை வரி இரண்டிலும் யாரும் குறைக்க முடியாது. ஆனால் வேரியண்டைத் தேர்ந்தெடுக்கும்போது சாலை வரியைக் கட்டாயம் கணக்குப் போடுங்கள். தமிழ்நாட்டில் 2023 நவம்பர் முதல் 5 லட்சத்துக்கு மேல் 10 லட்சம் வரை விலையுள்ள காருக்கு 13 சதவீதம், அதைத் தாண்டி 20 லட்சம் வரை 18 சதவீதம். 9,95,000 ரூபாய் வண்டிக்கு வரி 1,29,350. 10,10,000 ரூபாய் வண்டிக்கு 1,81,800. பதினைந்தாயிரம் கூடுதலான ஒரு வேரியண்டுக்காக வரியில் மட்டும் 52,450 ரூபாய் அதிகம் போகிறது. சன்ரூஃப் வேண்டும் என்று பிள்ளைகள் கேட்டால் இந்தக் கணக்கையும் காட்டுங்கள். 10 லட்சத்துக்கு மேல் போனால் 1 சதவீதம் டி.சி.எஸ்.ஸும் (விற்பவர் வாங்கி அரசுக்குக் கட்டும் வரி) பிடிப்பார்கள். அது வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளக் கூடியது, ரசீதைத் தொலைத்துவிடாதீர்கள்.

இன்சூரன்ஸில்தான் நம் மக்கள் அதிகம் விட்டுக்கொடுக்கிறார்கள். ஷோரூமிலேயே எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. மூன்று வருட தேர்டு பார்ட்டி (நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் சேதத்துக்கான) பிரீமியம் எங்கே எடுத்தாலும் ஒன்றுதான். வித்தியாசம் வருவது சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதியில். அதே ஐ.டி.வி.க்கு (இன்சூரன்ஸில் வண்டிக்குப் போடும் மதிப்புக்கு) வெளியே ஒரு கொட்டேஷன் வாங்கி மேசைமேல் வையுங்கள், பல நேரம் அங்கேயே இறங்கி வருவார்கள். பழைய காரில் ஐந்து வருடம் கிளைம் எடுக்காமல் இருந்தால் சொந்தச் சேதப் பகுதி பிரீமியத்தில் 50 சதவீதம் தள்ளுபடி, அதாவது நோ கிளைம் போனஸ், உங்களுக்கு உண்டு. அந்த போனஸ் வண்டியோடு போகாது, உங்களோடு வரும். பழைய காரைக் கொடுக்கும்போதே இன்சூரன்ஸ் கம்பெனியிடம் அதற்கான கடிதத்தைக் கேட்டு வாங்குங்கள்.

எக்ஸ்சேஞ்ச் பேச்சைக் கடைசியில் எடுங்கள். புது வண்டி விலை முடிவான பிறகு பழைய வண்டியைப் பற்றிப் பேசினால்தான் எதில் எவ்வளவு குறைந்தது என்று தெரியும். கொட்டேஷனில் ஹேண்ட்லிங் சார்ஜ் என்று ஒரு தொகை இருந்தால், அது அரசு விதித்த கட்டணம் இல்லை, நீக்கச் சொல்லுங்கள். இலவச ஆக்சசரீஸ் தருகிறோம் என்றால் அதற்குப் பதில் பணமாகக் குறைக்கச் சொல்லுங்கள். மேட்டும் சீட் கவரும் வெளியே இன்னும் மலிவாகக் கிடைக்கும்.

சேல்ஸில் இருக்கும் பிள்ளைகளிடம் கோபமாகப் பேச வேண்டாம். அவர்களுக்கும் மாத டார்கெட் இருக்கிறது. அதனாலேயே மாதக் கடைசி வாரத்தில் போனால் மேனேஜர் வரை பேச முடியும்.

அப்புறம், கொட்டேஷனைப் பட்டறைக்குக் கொண்டு வாருங்கள். பழைய வண்டியையும் கையோடு எடுத்து வந்தால் என்ன விலை போகும் என்று பார்த்துச் சொல்கிறோம். இதற்குக் காசு எதுவும் வேண்டாம். அட்வான்ஸ் கட்டுவதற்கு முந்தைய நாள் வந்தால் போதும்.

அன்புடன்,
உங்கள் கார் பட்டறை, ஈரோடு