குடம் கட்டினால் கப்பலுக்குத் தெரியாது

தமிழ்நாடு மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை அதிகாரிகளுக்கு,

வணக்கம். கடலைப் பற்றிப் பேச மதுரைக்காரனுக்கு என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். கீரைத்துறைப் பக்கம் எவர்சில்வர் பட்டறை வைத்திருக்கிறேன். அண்டா, குடம், தூக்குவாளி அடிக்கிறோம். தங்கையை மூக்கையூரில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். மாப்பிள்ளைக்கு ஃபைபர் படகு. போன வருஷம் வந்தவர், "மச்சான், ஒடுக்கு விழுந்த குடம் இருந்தா ஒண்ணு குடுங்க" என்றார். கம்பத்தில் கவிழ்த்துக் கட்டவாம். பளபளவென்று இருந்தால் கப்பல்காரன் ரேடாரில் தெரியுமாம். நல்ல குடமாகவே பார்த்துக் கொடுத்தேன்.

இரண்டு மாதம் கழித்து ஓர் இரவு, தூத்துக்குடிப் பக்கம் போன சரக்குக் கப்பல் ஒன்று அவர் படகை உரசாத குறையாகக் கடந்தது. கடைசிவரை திசை மாறவில்லை. படகில் விளக்கு எரிந்தது. குடமும் தொங்கியது.

அதற்குப் பிறகுதான் நான் படிக்க உட்கார்ந்தேன். கப்பல்களில் வழக்கமாக இருக்கும் ரேடாரின் அலைநீளம் சுமார் 3 செ.மீ. அந்த அலை ஃபைபருக்குள் பெரும்பாலும் புகுந்து போய்விடுகிறது. இரும்பாக இருக்கிற எஞ்சினோ தண்ணீரை ஒட்டித் தாழ்வாகக் கிடக்கிறது. அலை எழும்பினால் அதுவும் மறைந்துவிடும். குடத்தின் கதை இன்னும் மோசம். உருண்டையான எதுவும் தன்மேல் விழுந்ததை நாலா பக்கமும் சிதறடிக்கும். எதிரொலியின் வலுவை ரேடார்காரர்கள் சதுர மீட்டரில் சொல்கிறார்கள். 30 செ.மீ. குறுக்களவுள்ள உருண்டைக்கு அது 0.07 சதுர மீட்டர்தான். எவ்வளவு பாலிஷ் போட்டாலும் அவ்வளவுதான்.

அதே தகட்டை மூலையாகச் செய்தால் சங்கதி வேறு. கேரம் போர்டில் மூலையை ஒட்டி அடித்த ஸ்ட்ரைக்கர் இரண்டு கட்டையிலும் பட்டு, வந்த திசைக்கே திரும்புவதைப் பார்த்திருப்பீர்கள். மூன்று தகடுகள் ஒன்றுக்கொன்று செங்குத்தாக நின்றால், ரேடார் அலையும் அப்படியே கப்பலுக்குத் திரும்பும். சைக்கிளின் பின்னால் இருக்கும் சிவப்பு ரிஃப்ளெக்டருக்குள் இதே மூலைகள்தான் பொடிப்பொடியாக இருக்கின்றன. மையத்திலிருந்து முனைவரை 30 செ.மீ. உள்ள மூலை, நேர் பார்வையில் 33 சதுர மீட்டர் காட்டும். குடத்தைப்போல 450 மடங்குக்கு மேல்! ஆனால் தகடு மிச்சம் பிடிக்கிறேன் என்று 15 செ.மீ. ஆக்கினால் பாதியாகக் குறையாது, பதினாறில் ஒரு பங்காகிவிடும். மழையில் பெரிய கப்பல்கள் பார்க்கும் 10 செ.மீ. அலை ரேடாரில், பெரிய மூலைக்கும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். ஆகவே அளவில் கஞ்சத்தனம் கூடாது.

இவ்வளவு படித்த நானே முதலில் தப்பாகச் செய்தேன். இப்படி மூலைகள் சேர்ந்த ரேடார் ரிஃப்ளெக்டர் பத்து, அலுமினியத் தகட்டில் அடித்து மூக்கையூருக்கு அனுப்பினேன். ரிவெட் அடிக்கும்போது தகடு லேசாக வளைந்தது, கண்ணுக்குத் தெரியவில்லை. பிறகு சந்தேகம் வந்து மூலைமட்டம் வைத்துப் பார்த்தால் 3 பாகை சரிவு. அண்டாவுக்கு அது ஒரு குறையே இல்லை. இதில் ஒரு பாகை, இரண்டு பாகை பிசகினாலே திரும்பும் அலை கலைய ஆரம்பிக்கிறது. 30 செ.மீ. தகட்டில் ஒரு பாகை என்பது நுனியில் வெறும் 5 மி.மீ.

கட்டும் விதத்திலும் கோளாறு. எட்டு மூலை உள்ள ரிஃப்ளெக்டரை ஒரு கூர்முனையில் கயிறு போட்டு விளக்குக்கூடு மாதிரித் தொங்கவிடுகிறார்கள். ஒரு மூலை வானத்தைப் பார்த்து, மழைநீரை ஏந்துகிற கிண்ணம்போல இருக்கவேண்டும். முடிந்த உயரத்தில், ஆடாமல்.

2021 ஏப்ரலில் மங்களூருக்கு அப்பால் சரக்குக் கப்பலும் மீன்பிடிப் படகும் மோதியது உங்களுக்குத் தெரியும். படகில் இருந்த 14 பேரில் 7 பேர் தமிழ்நாட்டுக்காரர்கள். உயிரோடு மீட்கப்பட்டது இருவர் மட்டும். ரிஃப்ளெக்டர் இருந்தால் தப்பியிருப்பார்கள் என்று நான் சொல்லவில்லை. கப்பலில் இருப்பவர்கள் கண்ணால் காவல் பார்ப்பது அவர்கள் கடமை. அதை யாரும் நம் தலையில் கட்ட வேண்டாம். ஆனால் 1972ஆம் ஆண்டின் சர்வதேச மோதல் தடுப்பு விதிகளே, சிறு படகுகள் போதிய தூரத்தில் ரேடாரில் தெரியாமல் போகலாம் என்று 6ஆம் விதியில் எச்சரிக்கின்றன.

இப்போது படகுகளுக்கு டிரான்ஸ்பாண்டர் வருகிறது. நல்லது. அது செயற்கைக்கோள் வழியாகக் கரையோடு பேசும். எதிரே வரும் கப்பலின் ரேடார் திரையில் புள்ளி விழுவதற்கு அது போதாது.

நான் கேட்பது பெரிய செலவு இல்லை. பட்டறைக்காரன் பார்த்து அடிக்கிற மாதிரி ஒரு வரைபடம் தமிழில் வெளியிடுங்கள்: அளவு, தகட்டுக் கனம், கோணத்தில் எவ்வளவு பிசகு தாங்கும், எப்படிக் கட்டுவது. படகை ஆய்வு செய்ய வருபவர் கையில் ஒரு மூலைமட்டம் இருக்கட்டும். "ரிஃப்ளெக்டர் உண்டு" என்று டிக் அடித்துவிட்டுப் போவதில் பயனில்லை. 2006இல் இங்கிலாந்தின் வைட் தீவுக்குத் தெற்கே ஊசோ என்ற பாய்மரப் படகு மூழ்கி மூவர் இறந்தபின், கடையில் விற்கும் ரிஃப்ளெக்டர்களைச் சோதித்தார்கள். ஒல்லிக் குழாய் வகை உதவாது என்று தெரிந்தது. அதுவும் ரிஃப்ளெக்டர் என்ற பெயரில்தான் விற்றுக்கொண்டிருந்தது.

நான் அனுப்பிய பத்தில் எட்டைத் திருப்பி வாங்கி, புதிதாக அடித்துக் கொடுத்துவிட்டேன். இரண்டு படகுக்காரர்கள் தரவில்லை. "அது பாட்டுக்குத் தொங்கட்டும், பார்க்க நல்லாத்தானே இருக்கு" என்கிறார்களாம். நான் சொன்னால் பாத்திரக்காரன் பேச்சு. உங்கள் ஆள் ஒருவர் மூலைமட்டத்தோடு போய்ச் சொன்னால் கழற்றிவிடுவார்கள்.

இப்படிக்கு,
மதுரையிலிருந்து ஒரு எவர்சில்வர் பட்டறைக்காரன்