புதுப்பிப்பு என்ற பெயரில் பூட்டப்பட்ட ரவுட்டர்: புகார்

பெறுநர்: வாடிக்கையாளர் குறைதீர்ப்பு அலுவலர்

ஐயா,

"திறந்த மென்பொருள், வேண்டிய வசதிகளை நீங்களே சேர்த்துக்கொள்ளலாம்" என்று உங்கள் ரவுட்டர் பெட்டியில் அச்சிட்டிருக்கிறீர்கள். விலை கூடுதலாக இருந்தும் அதை நம்பித்தான் வாங்கினேன். போன மாதம் தானாக இறங்கிய புதுப்பிப்புக்குப் பிறகு அந்த வசதி இல்லை. அமைப்புப் பக்கத்தில் 'சாப்ட்வேர்' என்ற பிரிவையே காணோம். பழைய பதிப்பை ஏற்றினால், மென்பொருள் உங்களுடையதுதானா என்று காட்டும் டிஜிட்டல் கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்புகிறது.

கொழிஞ்சாம்பாறையில் ஆன்லைன் சேவை மையம் வைத்திருக்கிறேன். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கிற அடிக்கு, தென்னை மட்டை விழுந்து கேபிள் அறுவது இங்கே சகஜம். அதனால் ரவுட்டரில் சிம் போட்ட ஒரு டாங்கிளும் செருகி, எம்வான்3 என்ற மென்பொருள் தொகுப்பை ஏற்றியிருந்தேன். இரண்டு லைனையும் அது விடாமல் சோதித்துக்கொண்டிருக்கும். கேபிளில் பதில் நின்றதும் டாங்கிளுக்கு மாற்றிவிடும். இப்போது அது போய்விட்டது. பென்ஷன் விண்ணப்பம் போட வருகிற வயசானவர்கள், ஓடிபி வந்த நேரத்தில் லைன் போய், மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. பஸ் பிடித்து வந்தவர்களிடம் நாளைக்கு வாருங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

பாதுகாப்புக்காகப் பூட்டினோம் என்றார் உங்கள் உதவி மையத்தில் பேசியவர். கையொப்பம் சரிபார்ப்பது நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் பொருளுக்குச் சொந்தக்காரன் தன் விருப்பத்தில் அதைத் திறக்க ஒரு வழி வேண்டும். சில வருஷத்தில் இந்த மாடலுக்குப் புதுப்பிப்பு தருவதை நிறுத்திவிடுவீர்கள். அப்புறம் மென்பொருளில் பாதுகாப்பு ஓட்டை தெரிந்தால் அடைக்க யார் வருவார்கள்? திறந்திருந்தால் வெளியே இருக்கிற நிரலாளர்கள் அடைப்பார்கள்.

பூட்டினால் வியாபாரம் பெருகும் என்று நினைத்தால் லிங்க்சிஸ் என்ற ரவுட்டர் நிறுவனத்தின் கதையைப் பாருங்கள். அவர்களுடைய டபிள்யூஆர்டி54ஜி ரவுட்டருக்குள் லினக்ஸ் என்ற திறந்த இயங்குதளம் ஓடுவதைக் கண்டு ஆட்கள் கேட்டதால், 2003-இல் மூல நிரலை (சோர்ஸ் கோட்) வெளியிட வேண்டி வந்தது. அதன் மேல் எழும்பியதுதான் ஓபன்டபிள்யூஆர்டி என்ற, ரவுட்டருக்கான திறந்த மென்பொருள். 2005-இல் லினக்ஸை எடுத்துவிட்டு, நினைவகத்தையும் பாதியாக்கிப் புதுப் பதிப்பு விட்டார்கள். அப்படியும் பழைய லினக்ஸ் வடிவத்தை டபிள்யூஆர்டி54ஜிஎல் என்று தனியாக விற்க வேண்டியதாயிற்று. அது பல வருஷம் விற்றது. 2024-இல் ஓபன்டபிள்யூஆர்டி திட்டமே, பனானா பை என்ற வன்பொருள் தயாரிப்பாளரோடு சேர்ந்து, தன் பெயரிலேயே ஒரு ரவுட்டரைக் கொண்டுவந்தது. இந்த மாதிரிப் பொருளைத் தேடி வாங்க ஆட்கள் இருக்கிறார்கள். நானும் அப்படித்தான் உங்களிடம் வந்தேன்.

இன்னொன்று. உங்கள் பெட்டிக்குள்ளும் லினக்ஸ்தான் ஓடுகிறது. அதன் ஜிபிஎல் 2 உரிமப்படி மூல நிரலைக் கூடவே தர வேண்டும். இல்லையென்றால் கேட்பவருக்குத் தருவதாகக் குறைந்தது 3 ஆண்டுகளுக்குச் செல்லும் உறுதியை எழுத்தில் தர வேண்டும். எனக்கு வந்த பெட்டியில் இரண்டுமே இல்லை.

ஆகவே பூட்டைத் திறக்கும் வழியையும் மூல நிரலையும் 15 நாளுக்குள் அனுப்புங்கள். முடியாதென்றால் பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு முழுப் பணத்தையும் கொடுங்கள். இரண்டும் நடக்காவிட்டால், 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரம் என்று பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு போடுவேன். பில் நகலும், பெட்டி வாசகத்தின் படமும் இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
சேவை மைய உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்